வினைமுற்று

துளசிமணியின் வாக்கியங்கள் முடிவதில்லை. "நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு" என்று கழுத்துப்பட்டை கணீரென்று தொடங்கும். அதன் பிறகு கரகரவென்று ஒரு சத்தம்தான். வருகிறாரா, வரமாட்டாரா என்பது அந்தச் சத்தத்துக்குள் போய்விடும்.

அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பல வருடங்கள் தலைவியாக இருந்தவர் அவர். கலப்படம் செய்தவனையும் எடை குறைத்தவனையும் ஒரே குரலில் விரட்டியவர். பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டுவிட்டது. புத்தியைத் தொடவில்லை.

கோயம்புத்தூர் பீளமேட்டில் தேவசகாயம் நடத்திய சிறிய நிறுவனம் அந்தப் பட்டையைத் தயாரித்துவந்தது. பேச நினைக்கும்போது தொண்டைத் தசைகளில் ஓடும் மிக மெல்லிய மின்னோட்டத்தைப் பட்டை படிக்கும், படித்ததைக் குரலாக்கும். சங்கக் கூட்டங்களில் யாரோ எடுத்துவைத்திருந்த பழைய வீடியோக்களிலிருந்து துளசிமணியின் சொந்தக் குரலையே மீட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆனால் நோயாளியின் தசை சீக்கிரம் களைத்துவிடும். வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது எதுவும் தெளிவாக இருக்காது. ஆங்கிலம் பேசுகிறவருக்கு இது பெரிய நஷ்டமில்லை; ஆமா, இல்லையா என்பது முன்னாலேயே வந்துவிடும். தமிழில் மொத்த விஷயமும் கடைசியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மென்பொருள் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நஸ்ரின். 'முற்று' என்ற லைப்ரரியைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். லைப்ரரி என்றால் வேறு யாரோ எழுதி எல்லோருக்குமாகப் பொதுவில் வைத்திருக்கும் நிரல். வேண்டியவர்கள் எடுத்துத் தங்கள் மென்பொருளில் சொருகிக்கொள்ளலாம். பாதியில் நிற்கும் தமிழ் வாக்கியத்தை ஊகித்து முடித்துவைப்பது 'முற்று'வின் வேலை. கண்டுபிடித்த பிறகு, அதைச் சேர்க்க வேண்டாம் என்று சொன்னவளும் அவளே.

"எடுத்துப் போட்டுரலாம் நஸ்ரின். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் தேவசகாயம்.

"ஒரே ஒருத்தர் எழுதி, அவரே பாத்துக்கறார் சார். கேதீஸ்வரன்னு பேரு போட்டிருக்கு. இலங்கையில வவுனியாவாம். வேற எதுவும் தெரியல."

"கோட் எப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்கு. நான் எழுதியிருந்தா இவ்வளவு சுத்தமா வந்திருக்காது."

"அப்புறம் என்ன?"

"கோடைப் படிச்சிட்டேன் சார். ஆனா உள்ள ஒரு மாடல் இருக்கு. அது எதைப் பார்த்து எதைக் கத்துக்கிச்சுன்னு படிச்சுப் பார்க்க முடியாது. முடிவு சரியா வருதுன்னு மட்டும்தான் தெரியும். ஏன் வருதுன்னு தெரியாது."

"நாமளே எழுதினா?"

"ஒரு வருஷம் ஆகும். கூடவும் ஆகலாம்."

"அதுவரைக்கும் அந்தம்மா பாதிப் பாதியா பேசிட்டு இருக்கணுமா?" தேவசகாயம் கோபமாகக் கேட்கவில்லை. "நம்ம மென்பொருள்ல ஏற்கெனவே எத்தனையோ லைப்ரரி ஓடுது. எல்லாத்தையும் ஆராய்ஞ்சு பாத்தா சேத்தீங்க?"

"இல்ல சார். ஆனா ஒண்ணு தேதியைக் கணக்குப் போடுது, இன்னொண்ணு படத்தைச் சின்னதாக்குது. இது ஒருத்தர் வாய்க்குள்ள போய் உக்காருது."

"டெஸ்ட் பண்ணிப் பாருங்க. தேறினா சேர்த்துருங்க."

இதற்கு அவளிடம் மறுப்பு இல்லை. வாக்கியங்களை எழுதினாள். அலுவலகத்தில் இருந்தவர்களைப் பட்டை மாட்டிக்கொண்டு வாசிக்கச் சொல்லி, கடைசிச் சொல்லை மட்டும் மழுங்கடித்து, 'முற்று' என்ன சொல்கிறது என்று பார்த்தாள். 'பசிக்குது, சாப்பாடு போடு.' 'விசிறியைப் போடு.' 'நாளைக்கு மாமா வருவார்.' ஏறக்குறைய எல்லாமே சரியாக வந்தன. அவள் எழுதிய வாக்கியங்களில் யாரும் யாரையும் மறுக்கவில்லை என்பதை அவளும் கவனிக்கவில்லை, வாசித்தவர்களும் கவனிக்கவில்லை.

லைப்ரரியைச் சேர்க்க ஒரே ஒரு வரி போதும். அந்த வரியைச் சேர்த்துவிட்டு அவள் சாப்பிடப் போனாள்.

பலன் உடனே தெரிந்தது. துளசிமணி முழு வாக்கியங்களில் பேசினார். சோதனையில் இருந்த மற்ற நோயாளிகளும் பேசினார்கள். குடும்பங்கள் நன்றி சொல்லிக் கூப்பிட்டன. துளசிமணியின் மகன் பூபதி, மோட்டார் பம்பு பட்டறை வைத்திருந்தவன், ஒரு பை நிறைய மாம்பழத்தோடு பீளமேட்டுக்கே வந்துவிட்டான்.

"அம்மா இப்பத்தானுங்க மனசு விட்டுப் பேசுது," என்றான். "முந்தியெல்லாம் வாயைத் தொறந்தா சண்டைதானுங்க. எம் பொண்டாட்டி மூஞ்சி குடுத்தே பேச மாட்டா. இப்ப ரெண்டு பேரும் உக்காந்து டிவி பாக்கறாங்க. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசறதில்லீங்க."

நோய் சிலரைச் சாந்தமாக்கிவிடும் என்று ஊரில் சொன்னார்கள். நிறுவனத்தின் அறிக்கையில் 'குடும்ப உறவில் முன்னேற்றம்' என்று ஒரு தலைப்பு சேர்ந்தது. பட்டை பேசுவது நோயாளியின் பேச்சேதான் என்று சட்டமும் அந்தச் சமயத்தில் ஏற்றுக்கொண்டது. அதற்காக வழக்கு நடத்திய குடும்பங்களில் பூபதியின் குடும்பமும் ஒன்று.

கொஞ்ச நாள் கழித்துப் பட்டையைச் சரிபார்க்க நஸ்ரின் அன்னூருக்குப் போனாள். கட்டிலில் படுத்திருந்த துளசிமணியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"சுகர்ல புண்ணாகி மேல ஏறிருச்சுங்க," என்றாள் மருமகள். "எடுக்காட்டி உசுருக்கே ஆபத்துன்னுட்டாங்க. அத்தையே சம்மதம் சொன்னாங்க. திரும்பத் திரும்பச் சொன்னாங்களாம். தைரியமான அம்மான்னு டாக்டரே பாராட்டினாராம்."

"வாங்க கண்ணு," என்றது துளசிமணியின் குரல். "நல்லா இருக்கேனுங்க."

அவர் இடது கை கட்டில் சட்டத்தை ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. கண்கள் நஸ்ரினை விட்டு அகலவில்லை. அந்த முகத்தில் 'நல்லா இருக்கேனுங்க' என்ற சொல்லுக்குப் பொருந்தும்படி எதுவுமில்லை.

"கால் போனதுலருந்து இப்படித்தானுங்க, தட்டிக்கிட்டே இருப்பாங்க," என்றாள் மருமகள்.

நஸ்ரின் பட்டையில் பதிவாகியிருந்ததை எல்லாம் கணினியில் எடுத்துக்கொண்டு திரும்பினாள். தசைகளிலிருந்து வரும் மூல மின்பதிவை மெதுவாகச் சுத்தப்படுத்திப் படிக்க முடியும். ஒரு வாக்கியத்துக்குப் பாதி நாள் பிடிக்கும். பேசும்போதே அதைச் செய்ய முடியாது, பிறகு செய்யலாம். மருத்துவமனையில் சம்மதம் என்று பதிவான வாக்கியத்தை மறுநாள் காலையில் ஓடவிட்டாள். மதியத்துக்கு மேல் விடை வந்தது.

பட்டை சொன்னது: "எனக்கு ஆபரேஷன் வேணுங்க."

துளசிமணி சொல்லவந்தது: "எனக்கு ஆபரேஷன் வேண்டாம்."

இரண்டு சொல்லும் 'வே' என்றுதான் தொடங்குகின்றன. களைத்த தசை 'வே' வரைக்கும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. மீதியை 'முற்று' முடித்திருக்கிறது. அவர் பதறிப்போய் மறுபடி சொல்லியிருக்கிறார். பட்டை மறுபடி சம்மதித்திருக்கிறது. அடுத்தடுத்த வாக்கியங்களையும் அவள் படித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் இதேதான்.

தேவசகாயம் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதைச் சொல்லி என்ன ஆகப்போகுது நஸ்ரின்? கால் திரும்பி வருமா?"

"வராது சார்."

"இன்னிக்கு அவங்க உயிரோட இருக்காங்க. இந்த லைப்ரரி இல்லைன்னா இருந்திருக்க மாட்டாங்க. அதையும் யோசிங்க."

"யோசிச்சேன். ஆனா முடிவெடுத்தது யாரு சார்? அவங்க இல்ல. டாக்டர் இல்ல. நீங்களும் நானும்கூட இல்ல."

தேவசகாயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாப் பட்டையிலருந்தும் அதை எடுத்துருங்க. குடும்பங்க கத்தும், நான் பாத்துக்கறேன். முதல்ல எழுதின ஆளைக் கூப்பிட்டு, ஏன் இப்படின்னு கேளுங்க."

கேதீஸ்வரன் முதல் அழைப்பிலேயே எடுத்தார். நிதானமான, வயதான குரல். அவள் நடந்ததைச் சொன்னபோது குறுக்கே பேசவில்லை.

"அது பொய் சொல்லாது பிள்ளை," என்றார் கடைசியில். "அப்பிடி ஒண்டும் நான் எழுதேல்லை. நீங்கள் கோட் பாத்தனீங்கள்தானே?"

"பார்த்தேன் ஐயா. தப்பு ஒண்ணும் இல்ல. நான் கேக்கறது வேற. முதல் முதல்ல அது எப்படிக் கத்துக்கிச்சு?"

"என்ர மனுசிக்காகச் செய்தனான். அவவுக்கு நரம்பு வருத்தம். ஒவ்வொண்டாக் குறைஞ்சு, கடைசியிலை பேச்சும் போயிட்டுது. தொடக்கத்திலை இது கண்டபடி முடிக்கும். பிழையா முடிச்சா அழுத்திறதுக்கு ஒரு பட்டன் வச்சனான். அழுத்தினா அந்த முடிவை விட்டிட்டு வேறை முடிவு சொல்லும். அப்பிடித்தான் கொஞ்சம் கொஞ்சமாப் பழகினது. பிறகு வேறை ஆக்களும் எடுத்துப் பாவிச்சு, தங்கட வீட்டுத் திருத்தங்களை அனுப்பிச்சினம்."

"உங்க மனைவிக்குப் பட்டனை யாரு அழுத்தினாங்க?"

"நான்தான். அவவுக்குக் கை ஏலாதே."

"மத்த வீடுகள்ல?"

"அங்கையும் பக்கத்திலை இருக்கிற ஆக்கள்தான்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

நஸ்ரின் காத்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு மின்விசிறியின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு உவப்பான முடிவு வந்தா விட்டிடுவன்," என்றார் கேதீஸ்வரன், ஒவ்வொரு சொல்லாக. "உவப்பில்லாத முடிவு வந்தா, அவ அப்பிடிச் சொல்லமாட்டா, மெசின்தான் பிழை விடுதெண்டு நினைச்சு அழுத்துவன். எல்லாரும் அப்பிடித்தானே செய்திருப்பம்?"

"பேசறவங்ககிட்ட இருந்து அது கத்துக்கல ஐயா. கேக்கறவங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டிருக்கு."

"ஓம்."

பிறகு அவரே தொடர்ந்தார். "கடைசி வருசம் அவவுக்குத் தொண்டையிலை குழாய் போட்டு, மெசினிலை மூச்சு விட வச்சிருந்தம். போடுறதுக்கு முன்னம் நான் கேட்டனான். கேட்டுத்தான் போட்டது. வேணுமெண்டு சொன்னவ."

நஸ்ரின் யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "பழைய மூலப் பதிவு ஏதாவது இருந்தா அனுப்புங்க ஐயா. இப்ப படிச்சுச் சொல்ல முடியும்."

"எல்லாம் பத்திரமா இருக்கு," என்றார் கேதீஸ்வரன். பிறகு, "வேண்டாம் பிள்ளை."

மறுநாள் 'முற்று'வின் இணையப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. 'சம்மதம் கேட்கும் இடங்களில் இதைப் பயன்படுத்த வேண்டாம்.' அன்றைக்கும் லைப்ரரியைப் பலர் பதிவிறக்கிக்கொண்டதாகக் கணக்கு காட்டியது. எச்சரிக்கையை எத்தனை பேர் படித்தார்கள் என்று காட்ட வழியில்லை.

நஸ்ரின் தன் மென்பொருளில் 'முற்று'வைச் சேர்த்திருந்த அந்த ஒரு வரியை நீக்கினாள். அதற்குப் பதிலாக வேறொன்று செய்து பார்த்தாள். தசை களைக்கத் தொடங்கியதும், கடைசிச் சொல்லுக்கு முன்னால் பட்டை நின்றுகொள்ளும். களைத்த தசை அதற்குள் இளைப்பாறிவிடும். பிறகு அந்தச் சொல்லும் தெளிவாகவே வந்துவிடுகிறது. இதற்கு எந்த லைப்ரரியும் தேவைப்படவில்லை. எதிரில் இருப்பவர் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குடும்பங்கள் நிஜமாகவே கத்தின. இவ்வளவு நேரம் யார் நின்று கேட்பது என்றார்கள். முன்னால் இருந்ததே நன்றாக இருந்தது என்றார்கள்.

அன்னூர் வீட்டு வாசலிலேயே பூபதி அவளை மறித்தான். போனில் ஓரளவு சொல்லியிருந்தாள்.

"அம்மாகிட்டச் சொல்லியே ஆகோணுங்களா?"

"சொல்லணும்ங்க. அவங்க கால்."

"உசுரோட இருக்குதுங்களே, அது போதாதா? எங்கப்பனுக்கும் இதே மாதிரி காலை எடுத்தாங்க. அப்புறம் கட்டில்லயே கெடந்துதான் போனாரு. அம்மாதான் பாத்துச்சு. அதனால அம்மா வேண்டாம்னுதான் சொல்லும், எனக்குத் தெரியாதுங்களா? ஆனா அப்படியே விட்டுட்டுப் பாத்துட்டு இருக்க முடியுமா? மெசினு வேணுங்கன்னு சொல்லுச்சு. மெசினு தப்புப் பண்ணா நானென்னங்க பண்ணறது?" வாசலோரம் இருந்த வாளியை எடுத்துக்கொண்டான். "நீங்க உள்ள போங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வர்றேனுங்க."

உள்ளே மருமகளும் இல்லை. நஸ்ரின் பட்டையில் புதிய மென்பொருளை ஏற்றிவிட்டு, நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், எங்கள் மெஷின் வேணும் என்றது, நாங்கள் சரியாகச் சோதிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டாள்.

துளசிமணியின் இடது கை தட்டுவதை நிறுத்தியிருந்தது.

"தெரியும்," என்றது பட்டை. பிறகு அடுத்த வாக்கியம் கிளம்பியது. "எங் குரல்ல அது பேசறதை நானும் கேட்டுட்டுத்தானே" என்று வந்து நின்றது. நஸ்ரின் காத்திருந்தாள். வெளியே வாளி உருளும் சத்தம் கேட்டது. "இருந்தேன்."

"தப்பு எங்க மேலதாம்மா."

"டாக்டரு என்னையப் பாத்தாரு. நான் தலையை ஆட்டுனேன். மாட்டேன்னு" - இடைவெளி - "ஆட்டுனேன். டாக்டருக்குச் சந்தேகம் வந்திருச்சு. பூபதியைப்" - இடைவெளி - "பாத்தாரு."

நஸ்ரின் நாற்காலியில் முன்னால் சாய்ந்தாள்.

"வாதம் வந்ததுலருந்து அம்மாளுக்குத் தலை நடுக்கமுங்கன்னு பூபதி" - இந்தமுறை இடைவெளி நீளமாக இருந்தது - "சொன்னான்."

தலையணையில் அவர் தலை கொஞ்சமும் அசையாமல் இருந்தது. அவளறிந்து அது என்றைக்கும் நடுங்கியதில்லை.

"அந்த லைப்ரரியை எடுத்துட்டேம்மா," என்றாள், வேறென்ன சொல்வதென்று தெரியாமல். "இனிமே நீங்க நினைக்கறது மட்டும்தான் வரும்."

"எடுக்க" என்றார் துளசிமணி. பட்டை நின்றது. அவர் கண்களில் அவசரம் எதுவும் இல்லை. "வேண்டாம்."

"என்னம்மா?"

"இருக்கட்டும். ஆனா எப்ப அது பேசோணும்னு நான்" - இடைவெளி - "சொல்றேன்."

அதற்குள் தன் இடது கையைத் தூக்கிக் காட்டியிருந்தார். அந்தக் கை நன்றாகவே வேலை செய்தது. யாரும் இதுவரை அதன் பக்கத்தில் எந்தப் பொத்தானையும் கொண்டுபோய் வைக்கவில்லை.

பட்டையின் ஓரத்தில் பேட்டரியைப் பார்ப்பதற்காக ஒரு சின்னப் பொத்தானும் அதன் மேல் ஒரு பச்சை விளக்கும் இருந்தன. நஸ்ரின் மடிக்கணினியைத் திறந்தாள். நீக்கிய வரியைத் திரும்ப எழுதினாள். அதற்கு முன்னால் ஒரு நிபந்தனை வைத்தாள்: பொத்தான் அழுத்தியிருந்தால் மட்டும். பட்டையைத் திருப்பி, பொத்தான் இடது பக்கம் வரும்படி கழுத்தில் மாட்டினாள். அழுத்தினால் பச்சை எரியும், அப்போது 'முற்று' பேசும். அணைந்திருந்தால் அவரே பேசுவார். துளசிமணி அதை அழுத்தியும் விட்டும் பழகிப் பார்த்தார். பச்சை எரிந்தபோது ஊர்ச் சொந்தக்காரர்களைப் பற்றி ஏதோ சொல்ல முயன்றார். அவர்களெல்லாம் ரொம்ப நல்லவங்க என்றது குரல். துளசிமணியின் வாயின் இடது ஓரம் மேலே ஏறியது. அவர் சிரித்து நஸ்ரின் பார்த்தது அதுதான் முதல்முறை.

"பூபதியைக்" என்றார். "கூப்புடு."

அவள் வெளியே போய்க் கூப்பிட்டாள். அவன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே வந்தான். உள்ளே வருவதற்கு முன்னால், "புதுசா என்னங்க பண்ணியிருக்கறீங்க?" என்று கேட்டான். அவள் பொத்தானையும் விளக்கையும் பற்றிச் சொன்னாள். பச்சை எரிந்தால் பழையபடி, எரியாவிட்டால் அம்மாவே பேசுவது. அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அறைக்குள் போய்க் கட்டிலின் கால்மாட்டில், அடிவாங்கத் தயாராக இருக்கிறவன் போல நின்றான்.

"அம்மா," என்றான். "எது பேசறதா இருந்தாலும் பேசிருங்க. நின்னு கேக்கறேன்."

துளசிமணி அவனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கை மெல்ல எழுந்து கழுத்துக்குப் போனது.

பச்சை விளக்கு எரிந்தது.

"வா சாமி," என்றது குரல், தடங்கலே இல்லாமல், இதமாக. "வெயில்ல அலையாதே. நேரத்துக்குச் சாப்டியா? நான் நல்லா இருக்கேன், ஒண்ணும் நெனைக்காதே."

நஸ்ரினின் மடியில் கணினி இன்னும் திறந்திருந்தது. மூலப் பதிவு கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தது. பாதி நாள் ஓடவிட்டால் அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று தெரிந்துவிடும். அவள் பதிவை அழித்துவிட்டுக் கணினியை மூடினாள்.

"சாப்டேம்மா," என்றான் பூபதி, அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே.